வளையம் சாரும் சீனி போடாத கடல்பாசியும்

எங்கள் ஊரில் யாருக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்பதை, அவரவர் மூத்திரத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்த ஒரே மனிதர் வளையம் சார்தான். இராமநாதபுரம் கடைத்தெருவில் பெரிய அதிகாரி ஒருவர் எதிரே வந்தால் ஊரே ஒதுங்கி நின்று கும்பிடும். வளையம் சார் மட்டும் என் காதருகே குனிந்து, "சீனி ரெண்டு பிளஸ்" என்பார். கோயிலில் பிரசங்கம் செய்ய வந்த பண்டிதரைக் கேட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "சுத்தமான ஆளுய்யா. ஒரு சீழணு கிடையாது" என்று நற்சான்று கொடுத்தார். பத்திரிகை ஆசிரியர் இந்தக் கட்டுரையில் 'சிறுநீர்' என்று திருத்தக்கூடும். அந்தச் சொல்லை வளையம் சார் தம் வாழ்நாளில் உபயோகித்ததில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனுஷ்கோடிக்கு ரயிலும், அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலும் ஓடிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. இருபது கட்டில், ஒரு டாக்டர், எப்போதும் சிரிக்கும் ஒரு நர்ஸ், பின்கட்டில் ஓர் அறை. அந்த அறைதான் லேப். அதில் வளையம் சார் தனியாக ராஜ்யபாரம் செய்துவந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை எழுதிய எனக்கே இன்று அது நினைவில்லை. கடலாடிப் பக்கத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிக் கோட்டு. வெயில் காலத்திலும் அதைக் கழற்றமாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என் மேஜைமேல் இருந்த பஞ்ச் காணாமல் போயிற்று. காகிதத்தில் ஓட்டை போடும் அந்த இரும்புச் சாமான்தான் ஆஸ்பத்திரி என்னை நம்பி ஒப்படைத்த ஒரே இயந்திரம். ஆஸ்பத்திரி முழுக்கத் தேடிக்கொண்டு கடைசியில் லேப்புக்குப் போனேன். வளையம் சார் மை ஒற்றும் தாளை மடித்துவைத்து டக் டக்கென்று ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓட்டைக்காக பஞ்ச் வைத்திருந்தேன். அவருக்கு வேண்டியது ஓட்டையிலிருந்து விழும் பொட்டு. ஓட்டை விழுந்த தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, பொட்டுகளை இடுக்கியால் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் சேர்த்தார்.

"சார், அது ஆபீஸ் சாமான்" என்றேன், எனக்குத் தெரிந்த கடுமையோடு.

"அத வச்சு ஆபீஸுல என்னத்தச் செய்யுறீக? ஃபைலுக்கு ஓட்டை போடுறீக. இங்கன ஒவ்வொரு பொட்டும் ஒரு உசுரு. உக்காருங்க தம்பி, காட்டுறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். அன்று அவர் காட்டியதை நான் இவ்வளவு வருஷம் கழித்தும் மறக்கவில்லை. ஒரு கண்ணாடித் தட்டில் கறிச்சாறு கலந்த கூழை ஊற்றி உறையவைத்திருந்தார். அதன்மேல் நோயாளியின் மூத்திரத்தை லேசாகத் தடவுவார். பிறகு, ஒவ்வொரு பொட்டையும் ஒவ்வொரு மருந்தில் நனைத்து வரிசையாக வைப்பார். சூட்டுப் பெட்டிக்குள் ஒரு ராத்திரி இருந்தால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து, பாலாடை படர்ந்தாற்போல் வெள்ளையாகிவிடும். ஆனால் எந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்லுமோ அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராது. அங்கே சுத்தமான ஒரு வளையம் நிற்கும். மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் பொட்டின் விளிம்புவரை வந்து ஒட்டி உட்கார்ந்துகொள்ளும்.

காலையில் அவரைப் பார்ப்பவர்கள் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "வளையம் விழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருடைய முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிடும்.

பஞ்சை அன்று வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் மறுபடி காணவில்லை. இப்படி நாங்கள் இருவரும் அந்தச் சாமானை மாற்றி மாற்றித் திருடிக்கொண்டு சிநேகிதர்களானோம்.

கறிச்சாறு என்றேன் அல்லவா? வளையம் சார் சுத்த சைவம். வெங்காயம் தின்றாலே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் வம்சம். அப்படிப்பட்டவர் செவ்வாய்க்கிழமை தோறும் கறிக்கடை வாசலில் பையோடு நிற்பார். கொழுப்பு ஒரு துளி இருக்கக் கூடாது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பார். கொழுப்பில்தான் ருசி என்று கடைக்காரர் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "திங்கப்போறது நான் இல்ல, அதுக திங்கும்" என்று பதில் வந்தது. அதுகள் யார், வீட்டில் எத்தனை பேர், எப்போது சேர்ந்தது அந்தக் குடும்பம் என்று தெருவே ஆராய்ச்சியில் இறங்கியது. கடைசிவரை அவருக்குப் பெண் கொடுக்க ஒருவரும் முன்வராததற்கு இதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

டாக்டருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். டாக்டர் நல்லவர், கைராசிக்காரர், ஆனால் அவசரக்காரர். நீர்க்கடுப்பு என்று யார் வந்தாலும் சல்பா மாத்திரை. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் பெனிசிலின் ஊசி. முக்கால்வாசிப் பேர் குணமாகிப் போய்விடுவார்கள். மீதிக் கால்வாசிக்காகத்தான் வளையம் சார் முட்டிமோதுவார். காய்ச்சல்காரி உம்முடைய வளையம் விழும்வரை காத்திருப்பாளா என்று டாக்டர் கேட்பார். அடங்காத மருந்தைக் குத்தினால் மட்டும் அவள் எழுந்து உட்காருவாளா என்று இவர் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள் என்பதால் நான் இடையில் வாயைத் திறப்பதில்லை.

இந்த நிலையில்தான் கீழக்கரையிலிருந்து சபுராவைக் கொண்டுவந்தார்கள். இருபது வயசுப் பெண். ஏழு மாதக் கர்ப்பம். புருஷன் கொழும்பில் வியாபாரம். ஒரு மாதமாக நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, ஒன்று விட்டு ஒரு நாள் குளிர் காய்ச்சல். கட்டில் கிடுகிடுக்க நடுங்குவாள். கூட வந்தவர் அவளுடைய உம்மா. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய கனத்த மனுஷி. அந்த அம்மாள் கையில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். அது நிறைய மாத்திரை. மருமகன் கொழும்பிலிருந்து அனுப்பியது. கடுப்பு வந்தால் இரண்டு நாள் கொடுப்பார். வலி நின்றதும் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த தடவைக்கென்று பத்திரமாக மூடி வைப்பார். நல்ல குடித்தனக்காரி செய்கிற காரியம்தான். வளையம் சார் டின்னைத் திறந்து பார்த்தார்.

"அரைகுறையா அடிச்சுவிட்டிருக்கீக தாயி. பொழச்சுக் கெடந்ததெல்லாம் இப்ப மருந்தப் பாத்தாச் சிரிக்கும்" என்றார்.

அதுவே நடந்தது. சல்பா கேட்கவில்லை. பெனிசிலின் கேட்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் போட்டாயிற்று. நான்காம் நாள் காய்ச்சல் முன்னைவிட அதிகம். இப்படியே போனால் தாயா, பிள்ளையா என்ற கேள்வி வரும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் அவரே லேப் வாசலுக்கு வந்து, உம்முடைய தட்டில் போட்டுப் பாரும் என்றார். வளையம் சார் அன்று கோட்டின் மேல் பொத்தானைக்கூடச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

உம்மா பட்டுக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிறு சீசாவைக் கொண்டுவந்து கொடுத்தார். வளையம் சார் அதைத் தட்டில் தடவி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் தட்டு பளிங்காக இருந்தது. கிருமியே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, அப்படியானால் இது சிறுநீரகக் கோளாறே அல்ல, வேறு ஏதோ காய்ச்சல், மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்றார். அந்தக் காலத்து வாடகைக் காரில், அந்தக் காலத்து ரோட்டில், ஏழு மாதக்காரியை அந்தக் காய்ச்சலோடு அனுப்புவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். இருந்தும் அன்றைக்கே வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

வளையம் சாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கிருமி இருக்கிற இடத்தில் சேரும் சீழணு மொய்க்கிறது. தட்டில் போட்டால் ஒன்றுமில்லை. கூழில்தான் கோளாறோ என்று, அதே கூழில் போன வாரத்துக் கிருமி ஒன்றையும் விதைத்திருந்தார். அது அமோகமாக வளர்ந்திருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று காலிச் சீசாவை எடுத்து மூக்கில் வைத்தார். பிறகு என் மூக்கில் வைத்தார். நான் பயந்துகொண்டே முகர்ந்தேன். கம்மென்று மல்லிகை வாசனை.

உம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மாள் ஒளிக்கவில்லை.

"பெரிய மனுசக கையில குடுக்குற சாமான். மூத்திர வாடையோட எப்புடிங்க குடுக்குறது? எங்க குடும்பத்துக்கு அது மரியாதையாங்க? சீசாவுல ரெண்டு சொட்டு அத்தர் விட்டுத்தான் குடுத்தேன்" என்றார்.

வளையம் சார் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் எழுந்து நின்று அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். இருபது வருஷ சர்வீஸில் தாம் சோதித்த மூத்திரத்துக்கு வாசனை போட்டுக் கௌரவம் செய்த முதல் மனுஷி இவர்தான் என்றார். அதன்பிறகு, அத்தரே கிருமியைக் கொன்றிருக்கிறது என்பதை விளக்கி, ஒன்றும் சேர்க்காமல் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, கொதிக்கவைத்து ஆறிய புதுச் சீசாவைக் கையில் கொடுத்தார். டாக்டரிடம் ஓடி, வண்டியை ஒரே ஒரு நாள் தள்ளிப்போட அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார்.

மூத்திரம் வந்தது. கூழ் இல்லை. கடைசித் தட்டும் தீர்ந்துவிட்டது. கூழை உறையவைக்கிற பொடி மதராஸிலிருந்து பார்சலில் வரவேண்டும். மூன்று வாரமாக வந்தபாடில்லை. வளையம் சார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவர் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. உம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன சாமான் இல்லை என்று கேட்டார். சொன்னால் புரியவா போகிறது என்று வளையம் சார் அலட்சியமாக ஒரு பழைய தட்டைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மாள் துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது கடல்பாசில்ல?"

வளையம் சார் நாற்காலியைவிட்டு எழுந்தார். மதராஸ் பொடியும் அந்தப் பாசியிலிருந்து எடுப்பதுதான்.

"நோம்புக்கு எங்க வூட்டுல வருசந்தவறாமக் காச்சுவோமே. ஆனா இது சரியாக் காச்சல. கலங்கிக் கெடக்கு. ஆரு காச்சுனது?" என்று அந்த அம்மாள் மேலும் விசாரித்தார். காய்ச்சியவர் தரையைப் பார்த்தார்.

கீழக்கரைக்கு ஆள் போய் இரண்டு மணி நேரத்தில் ஒரு மூட்டை வந்தது. வெயிலில் காயவைத்து வெளுத்த பாசி, நோன்பு மாதத்துக்கென்று சேர்த்துவைத்தது. லேப்பில் ஸ்டவ்வைப் பற்றவைத்து உம்மா முன்னால் உட்கார்ந்துவிட்டார். வளையம் சார் கறிச்சாற்றை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். எப்போது கிண்டுவது, எப்போது நிறுத்துவது, மல்துணியில் எத்தனை தடவை வடிகட்டுவது என்று அந்த அம்மாள் உத்தரவு போட, எங்கள் லேப் அதிகாரி ஓடியாடிச் செய்தார். பாத்திரத்தை இறக்குகிற நேரத்தில் உம்மாவின் கை பழக்கதோஷத்தால் மூட்டையிலிருந்த சீனிப் பொட்டலத்துக்குப் போயிற்று. வளையம் சார் பாய்ந்து கையைத் தடுத்தார்.

"சீனி போடாத கடல்பாசிய எந்த வூட்டுலங்க திம்பாக?" என்றார் உம்மா.

"கிருமி வூட்டுல" என்றார் இவர்.

தட்டில் ஊற்றி உறைந்தபோது, மதராஸ் பொடியில்கூட அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. கீழே வைத்த செய்தித்தாளைப் படிக்கலாம்போல் இருந்தது. ஆறு பொட்டு வைத்தார். ஐந்தில் நாங்கள் அறிந்த மருந்துகள். ஆறாவதில், மருந்துக் கம்பெனிக்காரர் எப்போதோ மாதிரிக்கென்று கொடுத்துவிட்டுப் போன ஒரு மஞ்சள் மாத்திரையைக் கரைத்து நனைத்தார். மூத்திரப் பாதைக்கென்றே புதிதாக வந்தது, பெயர் நைட்ரோஃப்யூரன்டாயின். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டே டாக்டர் வேண்டாம் என்று ஒதுக்கிய மாத்திரை.

இரண்டு தட்டுகளைத் தயார் செய்து சூட்டுப் பெட்டியில் வைத்தார். அரை மணி நேரத்தில் கடற்காற்றில் எங்கோ கம்பி அறுந்து கரண்ட் போயிற்று. பல்பு எரிந்தால்தான் பெட்டியில் சூடு. மறுநாள்தான் கரண்ட் வரும் என்று சேதி வந்தது.

சிறிது நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது வளையம் சார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. இரண்டு தட்டுகளையும் துண்டில் சுற்றி வயிற்றுத் தோலோடு சேர்த்துக் கட்டி, மேலே பனியன், அதன்மேல் கோட்டு, அதன்மேல் இரண்டு ஆஸ்பத்திரிக் கம்பளி. பனியனுக்குள் ஒரு தர்மாமீட்டர்.

"கிருமிக்கு வேண்டியது மனுசச் சூடுதானே? எங்கிட்டயும் இருக்கு" என்றார் உதடு அசையாமல். அசைந்தால் தட்டு அசையுமாம்.

சூடு இறங்காமலிருக்க மணிக்கு ஒரு டம்ளர் காப்பி கேட்டார். நானே வாங்கிக்கொண்டு வந்து வாயில் ஊற்றினேன். நாலாவது டம்ளரில் விதி விளையாடியது. இருபது வருஷமாக ஊரார் மூத்திரத்தோடு வாழ்ந்த மனிதருக்குத் தம் சொந்த மூத்திரம் வந்து நின்றது. எழுந்தால் சூடு போய்விடும். முகம் சிவந்து, நெற்றி வேர்த்து, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் அவருடைய லேப் சீசாக்களில் பெரியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது, முகத்தில் சாந்தம் தவழ, சீசாவின்மேல் லேபிள் ஒட்டும்படி சொன்னார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். எப்போதும் எழுந்து நிற்கிற வளையம் சார் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஓய், எழுந்திருக்க மாட்டீரா?"

"எந்திரிச்சா ஆறிப்போயிரும் சார்."

விஷயத்தை நான் விளக்கினேன். டாக்டர் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய சொந்தக் கம்பளிச் சால்வை இருந்தது. அதையும் சுற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் லேப்புக்கு ஓடினேன். வாசலில் உம்மா நின்றுகொண்டிருந்தார், வாய் ஓதிக்கொண்டிருந்தது. சபுராவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. மதுரை வண்டி வெளியே காத்திருந்தது. வளையம் சார் ஒவ்வொரு கம்பளியாக அவிழ்த்து, கடைசியில் ஒரு தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதற்குள் வந்துவிட்ட டாக்டரும் நானும் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். முதல் பொட்டு, விளிம்புவரை வெள்ளை. இரண்டாவது, அதே கதை. மூன்று, நான்கு, ஐந்து. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் குத்திய ஊசி எதுவும் கிருமிக்கு உறைக்கவேயில்லை என்பது அந்தத் தட்டில் எழுதியிருந்தது. வளையம் சார் தட்டைத் திருப்பினார்.

ஆறாவது பொட்டைச் சுற்றி எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு வளையம். கண்ணாடிபோல் சுத்தமான வளையம்.

வளையம் சார் விரலால் அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, காக்கிக் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன் என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. டாக்டர்தான் முதலில் பேசினார். வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

கைவசம் இருந்தது நான்கு நாளுக்கு வரும் மாத்திரை. உடனே ஆரம்பித்தார்கள். மீதிக்குக் கொழும்புக்குத் தந்தி பறந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, சபுரா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நான்காம் நாள் புருஷன் கப்பலிலும் ரயிலிலுமாக மாத்திரையோடு வந்து சேர்ந்தார். வலிதான் நின்றுவிட்டதே, மிச்சத்தை எடுத்துவைக்கலாமா என்று உம்மா மெல்ல இழுத்தார். அன்றுமுதல் வளையம் சார் வேளை தவறாமல் கட்டிலருகே போய் நின்றார். மாத்திரை தொண்டையைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே நகருவார். கடைசி மாத்திரை தீர்ந்த அன்று பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கி, அதில் என் பஞ்ச் போட்ட பொட்டுகளை நிரப்பி வைத்துக்கொண்டார்.

பஞ்சையும் நான் அவருக்கே கொடுத்துவிட்டேன். பழையது உயிர் காக்கும் வேலையில் இருப்பதால் புதிது தேவை என்று எழுதிப்போட்டேன். வரவில்லை. நான் அங்கே வேலை பார்த்தவரை ஃபைலுக்குக் கோணி ஊசியால்தான் ஓட்டை போட்டேன். டாக்டரோ, அதற்குப் பிறகு காய்ச்சல் கேஸ் வந்தால் ஊசியை எடுத்துக்கொண்டே, "வளையம் என்ன சொல்லுது?" என்று கேட்கும் ஆளாகிவிட்டார்.

சபுராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த நோன்பு மாதத்தில் கீழக்கரையிலிருந்து இரண்டு தட்டு வந்தது. ஒன்றில் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து, ரோஸ் நிறத்தில் வில்லை போட்ட கடல்பாசி, அது ஆஸ்பத்திரிக்கு. இன்னொன்று நிறமில்லாமல், சீனியில்லாமல், பளிங்காக உறைந்தது. அது வளையம் அய்யாவுக்கு. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அத்தர் வாசனை அடிக்கிறதா என்று முகர்ந்தார். பிறகு உட்கார்ந்து, பிரசாதம் சாப்பிடுகிறவர்போல் முழுவதையும் சாப்பிட்டார். ஒவ்வொரு வருஷமும் அப்படியே.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. இப்போது அந்தப் பெண் குழந்தைக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நோன்பு வந்தால் இன்றும் என் வீட்டுக்கு இரண்டு தட்டு அனுப்புகிறாள். சீனியில்லாத தட்டு இனி வேண்டாமம்மா என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சீனி போடாத கடல்பாசிக்கு எந்த ருசியும் கிடையாது. வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிடுகிறேன்.